ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கு எந்த இயற்பியல் பாடம் போதும்?

கேள்வி:
அமெரிக்காவில் உயிரியல் இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் நான், டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்) பட்டம் வழங்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். நுண்கணிதம் சார்ந்த இயற்பியலைத்தான் படிக்க வேண்டுமா, இயற்கணிதம் சார்ந்ததே போதுமா? பள்ளியில் பெற்ற ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கிரெடிட்டை ஏற்பார்களா?

பதில் 1:
பெரும்பாலான கல்லூரிகளுக்கு இயற்கணிதம் சார்ந்த பாடமே போதும். ஆய்வகத்துடன் இரண்டு பருவங்கள், அதாவது 8 கிரெடிட், என்பது வழக்கமான நிபந்தனை. குறைவாகக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. இருந்தாலும் முதல் பருவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில், 95 நிமிடங்களில் 59 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய வேதியியல், இயற்பியல் பகுதியில் ஏறத்தாழக் கால் பங்கு இயற்பியல்தான். பெரும்பாலும் இரண்டாம் பருவத்தில் நடத்தப்படும் மின்சுற்றுகளும் ஒளியியலும் அதில் இடம்பெறுகின்றன. இரத்தக் குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்த வேறுபாட்டில் சீரான ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது போன்றவற்றைக் கணக்கிட நுண்கணிதம் தேவையில்லை. ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

பதில் 2:
ஏ.பி. கிரெடிட், இணையவழி ஆய்வகம் ஆகிய இரண்டிலும் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுகிறது. சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்துவடிவில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
மதிப்பெண்ணையும் கவனியுங்கள். பல கல்லூரிகள் ‘சி’க்குக் குறைவானதை ஏற்பதில்லை. திரும்பப் படித்தாலும், 2017 முதல் ஆகோமாஸ் (டி.ஓ. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறை) விண்ணப்பத்தில் பழைய மதிப்பெண்ணும் சராசரியில் சேர்க்கப்படுகிறது. ஆகவே கனமான பாடங்கள் குவியாத பருவத்தில் இயற்பியலை எடுங்கள்.