ஒரே மெஷினில் இரண்டு சர்வர்: 80-ல் உட்கார்ந்திருப்பது யார்?

கணவாய்க்காற்று (பாலக்காடு)
நேற்று கொழிஞ்சாம்பாறைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. வீட்டில் ஒரு பழைய மெஷின், 4 ஜிபி ரேம். அதில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் போட்டு அப்பாவின் தேங்காய் மண்டிக்கு பில் போடும் சைட் ஓடுகிறது. அதிலேயே நண்பர்கள் நாலு பேரின் புரோகிராம் கோடுகளை, மாற்றங்களின் வரலாற்றோடு சேர்த்து வைக்க ஒரு கிட் சர்வர் போடலாமா என்றார். அதற்கு நம்ம சர்வர்சாமி சொன்ன தீர்ப்பு (80 என்பது வெப் கோரிக்கைகள் வந்து சேரும் போர்ட், மெஷினின் வாசல் எண் மாதிரி): "80-ல் ஒருத்தர்தான் உட்கார முடியும். என்ஜின்எக்ஸைத் தூக்குங்கள், இல்லாவிட்டால் தனி மெஷின் வாங்குங்கள்."

இதைப் படித்துவிட்டு எப்படித் தூங்குவது? கிட்டி என்ற கிட் சர்வர் மென்பொருளை நிறுவினால் அது தானாக 3000-ஆம் போர்ட்டில் போய் உட்காரும். என்ஜின்எக்ஸில் இன்னொரு சர்வர் பிளாக் (ஒரு சைட்டுக்கான அமைப்புப் பகுதி) எழுதி, ஒரு சப்டொமைனுக்கு (சைட் பெயரின் முன்னால் ஒரு சொல் சேர்த்த தனி முகவரி) வருவதை உள்ளே 3000-க்குத் தள்ளிவிட்டால் முடிந்தது வேலை. பில் சைட்டைத் தொடவே வேண்டாம். இரண்டும் 80-ல் ஓடும். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஓடுகிறது.

சர்வர்சாமி (கோவை)
அண்ணே, ஒரு வரியில் 3000 என்கிறீர்கள், அடுத்த வரியில் 80 என்கிறீர்கள். எதில்தான் ஓடுகிறது? 80-ல் ஒருத்தர்தான் உட்கார முடியும். அது தப்பா?

கணவாய்க்காற்று
வெளியிலிருந்து வருகிறவருக்கு 80. உள்ளே எதுவாக இருந்தால் அவருக்கு என்ன? கல்யாண மண்டபத்துக்கு வாசல் ஒன்றுதான். ஒரு பக்கம் முகூர்த்தம், ஒரு பக்கம் பந்தி. வாசல் ஒன்று என்பதற்காக மாப்பிள்ளையைத் துரத்திவிட்டா பந்தி போடுவார்கள்?

சர்வர்சாமி
உவமை வேண்டாம். எந்த போர்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் எஸ்எஸ் கமாண்ட் அடித்து, 80-க்கு நேரே எத்தனை புரோகிராமின் பெயர் வருகிறது என்று இங்கே ஒட்டுங்கள்.

நான் சும்மா பேசவில்லை. ஒரு வாடிக்கையாளர் மெஷினில், கோட் வைக்கும் பெரிய மென்பொருளான கிட்லேப் போட்டேன். அந்தப் பொட்டலத்தோடு அதன் சொந்த என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரஸ், ரெடிஸ் டேட்டாபேஸ்கள் எல்லாம் கூடவே வந்து இறங்கும். ஏற்கெனவே ஒரு என்ஜின்எக்ஸ் 80-ல் இருந்தது. இரண்டும் முட்டிக்கொண்டு அன்று சாயங்காலம் முழுக்க சைட் படுத்துவிட்டது. பட்டவன் சொல்கிறேன்.

கணவாய்க்காற்று
பட்டது சரி, ஏன் பட்டீர்கள் என்று பார்த்தீர்களா? கிட்லேப்பின் கன்ஃபிக் கோப்பில், கூட வருகிற என்ஜின்எக்ஸை நிறுத்துவதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு நம்முடையதையே முன்னால் வைக்கலாம். ஆவணத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் பேக்கப் எடுக்கிறேன் என்று மூலத்தின் மேலேயே நகல் எழுதினீர்களே, அதுவும் ஆவணம் படிக்காமல் செய்ததுதான்.

தவிர, 4 ஜிபி ரேமில் கிட்லேப் மூச்சு வாங்கும். தம்பி கேட்டது கிட் சர்வர். கிட்லேப் என்று யார் கேட்டார்கள்?

சர்வர்சாமி
பேக்கப் கதை இங்கே எதற்கு? 80-க்குப் பதில் சொல்லுங்கள்.

செங்கோட்டை_22
இரண்டு பேரும் 80-ஐ விடவே மாட்டீர்களா? கிட்டுக்கு வெப் சர்வரே தேவையில்லை. எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இருந்தால் அதன் போர்ட் 22 போதும். ஒரு வெற்று ரெப்போ (கோட் வைக்கும் களஞ்சியம்) உருவாக்கி, நாலு பேர் சாவியையும் சேர்த்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியபோது யாரும் பட்டன் அமுக்கிக்கொண்டிருக்கவில்லை. புளியரைச் சோதனைச் சாவடியில் லாரி நிற்கிற நேரத்தில் ஐம்பது ரெப்போ போட்டுவிடலாம்.

கணவாய்க்காற்று
தம்பிக்குப் பிழைகளை எழுதி வைக்க இஷ்யூ பக்கம் வேண்டும், மாற்றத்தைச் சேர்க்கக் கேட்க புல் ரெக்வெஸ்ட் வேண்டும். வெற்று ரெப்போவில் எங்கே எழுதுவார், சுவரிலா?

பாரதப்புழை
ஒரு சின்னத் திருத்தம். அது கிட்டி இல்லை, கிட்-டீ. லோகோவே ஒரு கப் டீதான். 2016-ல் கோக்ஸ் என்ற இன்னொரு கிட் சர்வரிலிருந்து பிரிந்து வந்தது.

சர்வர்சாமி
பெயரே தெரியாமல் மூன்று வருடமாக ஓட்டுகிறாராம்! கிட்டி என்றால் எங்கள் ஊரில் கிட்டிப்புள்.

கணவாய்க்காற்று
மலையாளத்தில் கிட்டி என்றால் "கிடைத்தது" என்று அர்த்தம். எனக்குக் கிட்டியது. உங்களுக்கு இன்னும் கிட்டவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸ் இயங்குதளத்தில் படித்தவர்கள். பாலக்காட்டில் தமிழ் மீடியம் பள்ளியிலும் ஐடி பாடம் கட்டற்ற மென்பொருளில்தான். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை, அந்த இயக்கத்தையே ஆரம்பித்த ஸ்டால்மன் வந்து தொடங்கிவைத்தது 2001-ல், திருவனந்தபுரத்தில். எல்லையில் வாளையாறு தாண்டினால் இதெல்லாம் தெரியாது போல.

சர்வர்சாமி
வாளையாறு தாண்டி எங்களுக்கும் அரசு லேப்டாப் கொடுத்தார்கள், அதிலும் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைச் செய்தது மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சீ-டாக், சென்னையில். பெருமை பேசினால் 80-ல் இன்னொரு நாற்காலி முளைக்குமா?

செங்கோட்டை_22
முளைக்கும்! லினக்ஸின் உள்மையமான கெர்னல் 3.9-ல், 2013-ல், ஒரே போர்ட்டில் பல சாக்கெட் (புரோகிராம் இணைப்புக்குக் காத்திருக்கும் முனை) உட்காரும் வசதி வந்துவிட்டது. ஆக "ஒருத்தர்தான்" என்பதும் தப்பு.

கணவாய்க்காற்று
கேட்டீர்களா சாமி? கெர்னலே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

பாரதப்புழை
அந்த வசதியை இங்கே கொண்டுவராதீர்கள். இரண்டு புரோகிராமும் சம்மதிக்க வேண்டும், ஒரே யூசரில் ஓட வேண்டும். அப்புறம் வருகிற இணைப்புகளைக் கெர்னல் இருவருக்கும் பங்கு போடும். கோட் அனுப்புகிறவரில் பாதிப் பேர் தேங்காய் பில்லில் போய் விழுவார்கள்.

சர்வர்சாமி
ஆக, ஒருத்தர்தான். நன்றி அக்கா.

பாரதப்புழை
உங்கள் பக்கம் நான் பேசவில்லை. என்ஜின்எக்ஸைத் தூக்கச் சொன்னீர்களே, அது சுத்தத் தப்பு.

சர்வர்சாமி
80-ல் ஒருத்தர்தானா இல்லையா?

தேங்காய்மண்டி (கொழிஞ்சாம்பாறை)
கேள்வி கேட்டவன் நான்தான். கணவாய் அண்ணன் சொன்னபடி நேற்று ராத்திரியே போட்டுவிட்டேன். பக்கம் வருகிறது, ரெப்போவை நகலெடுக்கும் குளோனும் ஆகிறது. ஆனால் படங்கள் இருக்கிற ரெப்போவை சர்வருக்கு புஷ் செய்தால் 413 என்ற பிழை எண்ணோடு திரும்பி வருகிறது.

சர்வர்சாமி
பார்த்தீர்களா! 80-ல் உட்கார்ந்திருப்பவர்தான் தடுக்கிறார். இதைத்தானே இரண்டு நாளாகச் சொல்கிறேன்.

கணவாய்க்காற்று
அது 80-ன் பிரச்சினையே இல்லை! 413 என்றால் அனுப்பியது ரொம்பப் பெரிது என்று அர்த்தம். என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கையின் உடலை 1 எம்பிக்கு மேல் விடாது, அதன் இயல்பான அளவு அது. அதைக் கூட்டினால் போதும். கிட்டீயின் கன்ஃபிக்கில், அதன் முகவரியைச் சொல்லும் ரூட் யூஆர்எல்லையும் சப்டொமைனுக்கு மாற்றியிருக்கிறீர்களா தம்பி? இல்லாவிட்டால் குளோன் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் 3000 என்றே காட்டும். எனக்கு அப்படித்தான் காட்டியது. ஒரு வாரம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன், மழையில் கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஆனால் அப்போதும் இரண்டும் 80-ல்தான் ஓடின. இதை ஒப்புக்கொள்ள சாமிக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்று தெரியவில்லை.

செங்கோட்டை_22
எஸ்எஸ்எச் வழியாக புஷ் செய்திருந்தால் 413-ஏ வந்திருக்காது.

தேங்காய்மண்டி
ரூட் யூஆர்எல் மாற்றிவிட்டேன் அண்ணே. அந்த 1 எம்பியை எங்கே கூட்டுவது? பில் சைட்டின் பிளாக்கிலா, புது பிளாக்கிலா? அப்பா காலையில் மண்டி திறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

சர்வர்சாமி
எஸ்எஸ் ரிசல்ட் இன்னும் வரவில்லை அண்ணே.

கணவாய்க்காற்று
வரும். வெளியிலிருந்து பார்த்தால் எதில் ஓடுகிறது என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.