அப்பாவின் ஸ்டவுட்டும் அயர்லாந்து ஸ்டவுட்டும்: ஒரே மேசையில் எப்படி வைப்பது?

ஈசூன்வாசி (கேள்வி):

அப்பாவுக்கு அடுத்த மாதம் 70 வயது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாள் என்றால் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் ஒரு பெரிய போத்தல் ஏபிசி ஸ்டவுட் (வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர்), ஐஸ் நிறைந்த குவளை, ஒரு தட்டு வேர்க்கடலை. அதற்கு மேல் ஒரு சொட்டு குடித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கறுப்பு போத்தலை நான் சின்ன வயதில் ஏதோ மருந்து என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் வேலைக்காக அயர்லாந்து போனேன். கார்க் நகரில் நான்கு நாள், டப்ளினில் இரண்டு நாள். கார்க்கில் என்னுடன் வேலை பார்த்தவர்கள் முதலில் வாங்கிக் கொடுத்தது மர்ஃபிஸ், மறுநாள் பீமிஷ். இரண்டும் அந்த ஊர்ச் சரக்கு. பீமிஷ் 1792இலிருந்து, மர்ஃபிஸ் 1856இலிருந்து. மர்ஃபிஸ் பால் கலந்த காப்பி போல மிருது. பீமிஷில் கறுப்புச் சாக்லேட் கசப்பு கொஞ்சம் தூக்கல். டப்ளினில் குடித்த கின்னஸ் இரண்டையும்விட இனிப்பில்லாமல், வறட்சியாக முடிந்தது. மூன்றும் மது அளவு 4 சதவீதத்தை ஒட்டிய மென்மையான பானங்கள்.

திரும்பி வந்ததும் டின்னில் வரும் கின்னஸ் டிராஃப்ட் வாங்கி அப்பாவுக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். "நுரை நல்லா இருக்கு தம்பி. ஸ்டவுட் எங்கே?" என்றார்.

அந்தக் கேள்வி மனதிலேயே நிற்கிறது. பிறந்தநாளன்று ஐந்து வகையை வரிசையாக வைத்து அவரோடு சேர்ந்து ருசிக்க ஆசை. எதை முதலில் வைப்பது? ஐஸ் வேண்டாம் என்று சொல்லலாமா? ஒரே பெயர் கொண்ட பானம் இவ்வளவு மாறுவது ஏன்?

தெம்பனிஸ்காரன்:

அப்பா கேட்டது சரியான கேள்வி. வீட்டில் பீர் காய்ச்சுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன் (சொந்த உபயோகத்துக்கு ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை இங்கே அனுமதி உண்டு).

டிராஃப்டில் நுரைக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் நைட்ரஜன் வாயு. அது திரவத்தில் லேசில் கரையாது. அதனால் குமிழி பொடிப்பொடியாக, நுரை பாலாடை மாதிரி வரும். டின்னுக்குள் உருளும் சின்னப் பிளாஸ்டிக் பந்தும் அந்த நுரைக்காகத்தான். போத்தலில் வரும் ஸ்டவுட்டில் கரியமில வாயு. அது நாக்கில் குத்தும், புளிப்பையும் கசப்பையும் தூக்கிக் காட்டும். அதோடு ஏபிசி 8 சதவீதம், டிராஃப்ட் 4.2. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வேகத்தில் பழகிய நாக்குக்கு டிராஃப்ட் வெறும் நுரையாகத்தான் தெரியும்.

இது பின்னால் வந்த மாற்றமும் இல்லை. 1801இலேயே கின்னஸ் 'வெஸ்ட் இண்டீஸ் போர்ட்டர்' என்று ஒரு கறுப்பு பீரைக் காய்ச்சியது. நீண்ட கப்பல் பயணத்தைத் தாங்கவேண்டும் என்று ஹாப்ஸை (பீருக்குக் கசப்புத் தரும் பூ) கூட்டினார்கள், மது அளவையும் கூட்டினார்கள். இன்றைய கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டுக்கு மூலம் அதுதான். நைட்ரஜன் டிராஃப்ட் வந்தது 1959இல். ஆக, கப்பலேறிப் போன வகைதான் மூத்தது. அப்பா குடிப்பது அந்த வழியில் வந்த கனமான ஸ்டவுட்.

வரிசை: மர்ஃபிஸ், கின்னஸ் டிராஃப்ட், ஓஹாராஸ், ஃபாரின் எக்ஸ்ட்ரா, கடைசியில் ஏபிசி. இதை மாற்றாதீர்கள். ஏபிசி முதலில் வந்தால் மர்ஃபிஸ் தண்ணீராகிவிடும். ஓஹாராஸ் அயர்லாந்தின் கார்லோ பகுதியிலிருந்து வரும் கிராஃப்ட் (சிறிய ஆலையில் காய்ச்சும்) ஸ்டவுட், 4.3 சதவீதம்தான், ஆனால் வறுத்த பார்லியின் கசப்பு நன்றாகப் பேசும். மென்மைக்கும் கனத்துக்கும் நடுவே பாலம் அதுதான். ஆளுக்கு 100 மில்லி போதும். டின்னை முதல் நாளே குளிர்பெட்டியில் வையுங்கள். சரியாகக் குளிராத டின் திறந்ததும் பொங்கி வழியும்.

ஜூரோங் அக்கா:

ஐஸை அப்பாவிடமிருந்து பிடுங்காதீர்கள் தம்பி. முதல் இரண்டு வாய் ஐஸ் இல்லாமல், பிறகு அவர் இஷ்டம். நம்ம ஊர் வெயிலில் 8 சதவீதத்தை ஐஸோடு குடிப்பதில் ஒரு தப்பும் இல்லை. டிராஃப்டில் மட்டும் ஐஸ் வேண்டாம், நுரை செத்துவிடும்.

ஆட்டிறைச்சி வறுவல் செய்வீர்கள்தானே? ருசித்து முடித்தபின் மேசைக்குக் கொண்டுவாருங்கள். உதட்டில் எண்ணெய் பட்டால் நுரை நொடியில் அடங்கும். கண்ணாடிக் குவளையில் சவர்க்கார வாடையும் இருக்கக்கூடாது. என் கணவர் இதையெல்லாம் கவனிக்காமல் கடைக்காரரைக் குறை சொன்ன காலம் உண்டு. அப்புறம், இரவு 10.30க்கு மேல் கடையில் விற்கமாட்டார்கள், முன்னாலேயே வாங்கி வையுங்கள். அப்பா மருந்து சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிடோக் வாசகர்:

ஏபிசி என்பது ஆர்க்கிபெலகோ புரூவரி கம்பெனி. 1931இல் ஜெர்மானியர்கள் இங்கே தொடங்கியது. போர்க்காலத்தில் எதிரிச் சொத்தாகி, 1941இல் டைகர் காய்ச்சிய மலாயன் புரூவரீஸ் கைக்குப் போனது. இதை அப்பாவிடம் சொல்லுங்கள், போத்தலை இன்னொரு தடவை கையில் எடுத்துப் பார்ப்பார்.

ஈசூன்வாசி:

நேற்று நடந்தது. டாக்டரிடம் கேட்டேன், அளவோடு என்றார். மர்ஃபிஸை அப்பா இரண்டு தடவை முகர்ந்து "காப்பித்தூள் வாசனை" என்றார். டிராஃப்ட் அவரை இந்த முறையும் அசைக்கவில்லை. ஓஹாராஸ் வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டுக் குவளையைக் காலி செய்தார். பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டார். ஃபாரின் எக்ஸ்ட்ராவில் அந்தக் கப்பல் கதையைச் சொன்னேன். தான் ஏற்றி இறக்கிய பெட்டிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், நான் கேட்டிராத பெயர்கள், கப்பல்கள். ஏபிசிக்கு ஐஸ் கேட்டார், கொடுத்தேன். ஓஹாராஸ் இன்னும் ஆறு போத்தல் சொல்லி வைத்திருக்கிறேன்.