கிரீன்லாந்துப் பெயர்களை நாம் எடுத்தாளலாமா?

கடலோடி:
கிரீன்லாந்துச் சொற்களைப் பெயராகத் தாங்கிய ஃபைபர்கிளாஸ் கயாக்குகளும் (துடுப்புப் போட்டுச் செலுத்தும் ஒடுங்கிய படகுகள்), அங்குள்ள ஆர்க்டிக் பழங்குடிகளின் பெயரைச் சொல்லும் "இனூயிட் மரபுப் பயிற்சி" விளம்பரங்களும் பெருகிவிட்டன. இது நிற்க வேண்டும். கயாக் அவர்களுக்கு வேட்டைக் கருவி. வேட்டைக்காரரின் உடல் அளவுக்குக் கட்டிய மரச்சட்டம், அதன்மேல் பெண்கள் தைத்துப் போர்த்திய சீல் தோல். நம் விடுமுறைப் பொழுதுபோக்குக்கு அந்தப் பெயரை ஒட்ட யார் உரிமை கொடுத்தது? அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளின் படகை "பைடார்கா" என்று விற்கிறார்கள். அது அத்தீவுகளின் உனங்கன் மக்களின் சொல்லே அல்ல, ரஷ்ய மென்மயிர் வணிகர்கள் வைத்த பெயர். அதே வணிகர்கள்தான் அந்த ஊர் ஆண்களை அதே படகுகளில் கடல் நீர்நாய் வேட்டைக்குக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள்.

வடகாற்று:
பெயரை நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 1959இல் கென் டெய்லர் என்ற கிளாஸ்கோ மாணவர் மேற்கு கிரீன்லாந்தின் இல்லோர்சுயிட் கிராமத்துக்குப் போனார். இமானுவேலே கோர்னேலியுசன் அவருக்கு ஒரு கயாக் கட்டிக்கொடுத்தார். ஸ்காட்லாந்து வந்து சேர்ந்த அந்தப் படகின் அளவுகளிலிருந்து பிறந்ததுதான் 'அனாஸ் அக்யூட்டா' என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் கயாக். ஊசிவால் வாத்தின் லத்தீன் பெயர் அது. கட்டியவரும் கிராமமும் அதில் எங்கே? கவிழ்ந்து நிமிரும் வித்தைக்கும் இதே கதிதான். ஆஸ்திரியாவின் ஹான்ஸ் பாவ்லாட்டா ஆர்க்டிக் பயணிகளின் நூல்களைப் படித்து 1927இல் அதைக் கற்றார். அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்களின் பெயர் அதில் இல்லை. அபகரிப்பு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

துடுப்புக்காரி:
நான் துயிலிக் அணிந்து பழகுகிறவள். தலைமூடியோடு கூடிய மேலங்கி அது. படகின் இருக்கை வளையத்தில் இறுகக் கட்டிவிட்டால் கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது. உறைபனிக் கடலில் படகைவிட்டு வெளியேறினால் சாவுதான் என்பதால் வந்த உடை. நிமிரும் முறைகளும் அப்படித்தான். துடுப்பு கைநழுவிவிட்டால் ஒன்று, எறியீட்டிக் கயிற்றில் கை சிக்கிவிட்டால் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒரு விபத்துக்கான விடை. எறியீட்டியை வீச உதவும் நோர்சாக் என்ற எறிகோலால் நிமிர்வதைப் பெயரில்லாமல் கற்றுக்கொடுத்தால் அது வெறும் சாகசமாகிவிடும். இன்னொன்று: 1980களில் கிரீன்லாந்தில் தொடங்கிய கானாட் கட்டுஃபியாட் என்ற கயாக் சங்கம் நடத்தும் தேசியப் போட்டியில் வெளிநாட்டவரும் கலந்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் அதற்குக் கிளையே இருக்கிறது. கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தான் ஐயா.

கடலோடி:
அம்மா, கிரீன்லாந்துச் சங்கம் கிரீன்லாந்துக்காகப் பேசலாம். உனங்கன் மக்களுக்காகவும் கனடாவின் நுனாவுட் மக்களுக்காகவும் அது எப்படிச் சம்மதம் தர முடியும்? வடமேற்கு கிரீன்லாந்தின் கானாக் பகுதியில் இன்றும் நார்வால் திமிங்கிலத்தைக் கயாக்கிலிருந்து எறியீட்டி வீசித்தான் வேட்டையாட வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே இது வயிற்றுப்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சீல் பொருள்களுக்குத் தடை போட்டது. இனூயிட்டுக்கு விலக்கு உண்டு என்றார்கள். ஆனாலும் வாங்க ஆளில்லாமல் தோல் சந்தை சரிந்தது. சீல் தோல் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் துணியில் தைத்த துயிலிக்கைப் போட்டுக்கொண்டு மரபைக் காப்பதாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

வடகாற்று:
பைடார்கா விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அந்த மக்களின் சொல்லான 'இக்யாக்' இருக்கும்போது ரஷ்யப் பெயர் எதற்கு? ஆனால் சீல் தடைக்கான கோபத்தைத் துடுப்புப் போடுகிறவர்கள்மேல் காட்டாதீர்கள். கடலில் அந்த உடையை நம்பி இறங்கியவர்களுக்குத்தான் வேட்டைக்காரரின் நியாயம் முதலில் புரியும். எங்கள் குழுவில் தடையை எதிர்த்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் மரபுமுறை பழகியவர்களே.

கடலோடி:
உங்கள் குழுவை நம்புகிறேன், விற்பனையாளர்களை அல்ல. எந்தக் கிராமத்துப் படகைப் பார்த்து வடிவமைத்தது, அதைக் கட்டியவர் யார் என்று படகிலேயே எழுதட்டும். லாபத்தில் ஒரு பங்கு அந்த ஊருக்குப் போகட்டும். அதுவரை அந்தப் பெயர்கள் தாங்கிய படகை நான் வாங்க மாட்டேன், புதிதாகக் கற்க வருபவர்களுக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.