வியாழக்கிழமை ஒரு மணி நேரம்

கடையம் வீடு (குடும்பக் குழு)
20 செப்டம்பர் 2020, ஞாயிறு

தேன்மொழி, மாலை 6:12
எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். வியாழக்கிழமை காலை 10 மணிக்குக் கடைசி செமஸ்டரின் முதல் தேர்வு. இன்று மாதிரித் தேர்வு வைத்தார்கள். 17ஆவது கேள்வியில் திரை அப்படியே நின்றுவிட்டது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, செல்போனைக் கவிழ்த்த குடத்தில் சாய்த்து வைத்துத்தான் எழுதினேன். அங்கேயும் சிக்னல் ஒரு கோடுதான். ஒரு மணி நேரம் கேமரா முன்னால் இருக்க வேண்டும். பின்னால் யாரும் நடக்கக்கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக்கூடாது. யார் வீட்டிலாவது ஓர் அறை கிடைக்குமா?

பிரபா, 6:15
வியாழக்கிழமை தாத்தா திதி ஆயிற்றே?

செல்வி, 6:15
அதுதான் கவலை பிரபா. வீடு நிறைய ஆள் இருக்கும்.

முருகேசன், 6:16
24ஆம் தேதி.

சண்முகம், 6:24
தேன்மொழிக்கு என் ஆசி. இந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை முதலில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். கொரோனா காலத் தேர்வுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு ஏப்ரல் 29 அன்று ஒரு நெறிமுறை கொடுத்தது. ஜூலை 6 அன்று அதைத் திருத்தி, இறுதி ஆண்டுத் தேர்வைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்தியே ஆக வேண்டும் என்றது. அதை எதிர்த்து மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாநிலங்கள் கூடுதல் அவகாசம் கேட்கலாம், ஆனால் இறுதித் தேர்வே இல்லாமல் பட்டம் கொடுக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே வருத்தப்பட்டுப் பயன் இல்லை, எழுதித்தான் தீர வேண்டும். தொடர்ச்சி அடுத்த செய்தியில்.

பிரபா, 6:25
அப்பா, அவள் அறைதான் கேட்கிறாள்.

சண்முகம், 6:25
அதற்குத்தான் வருகிறேன்.

பிரபா, 6:27
பாளையங்கோட்டையில் அத்தை வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. மாடி அறை காலியாகத்தானே கிடக்கிறது?

முருகேசன், 6:28
அக்காவைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சண்முகம், 6:33
பகுதி 2. மற்ற ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வு ரத்து என்று முதலமைச்சர் ஜூலை 23 அன்றே அறிவித்துவிட்டார். ஆகஸ்ட் 26 அன்று, கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கு அரியர் தேர்விலிருந்தும் விலக்கு கொடுத்தார். நம் கார்த்திக் அதில்தான் கரையேறினான். ஆனால் அது உறுதியில்லை. உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டிருக்கிறார்கள்.

சரவணன், 6:34
11 அரியர். ஒரு கிரிக்கெட் அணி.

செல்வி, 6:34
சரவணா, பேசாமல் இரு. அத்தை இருக்கிறார்கள்.

பிரபா, 6:35
அணி என்றதும் நினைவு வருகிறது, நேற்று மேட்ச் பார்த்தீர்களா? ராயுடு 71!

சரவணன், 6:35
மும்பையை முதல் மேட்ச்சிலேயே சாய்த்தாயிற்று. அந்த டுபிளசி பிடித்த கேட்ச்!

தேன்மொழி, 6:36
அந்த மேட்ச்சில்தான் என் டேட்டா தீர்ந்தது பிரபா அண்ணன். வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். காலையில் 9 மணி முதல் 11 வரை சரவணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, 11 மணிக்கு மேல் எனக்கு. அம்மா தோட்டை அடகு வைத்து வாங்கியது.

சரவணன், 6:36
நான் பாதிதான் பார்த்தேன்.

முருகேசன், 6:37
தோட்டுப் பேச்சு எதற்கு இங்கே.

தேன்மொழி, 6:37
மன்னியுங்கள் அப்பா.

மகேஸ்வரி, 6:41
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மகேஸ்வரி, 6:46
தொந்தரவு என்று எழுதுகிறாய் முருகேசா. ஜூன் மாதம் என் பிள்ளை சென்னையிலிருந்து வந்தபோது, அவன் உனக்குத் தொந்தரவாக இருந்தானா? 19ஆம் தேதி முதல் அங்கே முழு ஊரடங்கு என்றதும் இ-பாஸ் வாங்கி ஓடி வந்தான். இவருக்குச் சர்க்கரை, நெஞ்சு வலி, இங்கே சேர்க்க முடியாது என்று உன்னிடம் அனுப்பினேன். உங்கள் வீட்டு மாடி அறை காலியாக இருந்தும் வயல் மோட்டார் அறையில் படுக்க வைத்தீர்கள். 14 நாள். மழையில் பாம்பு வரும் இடம். நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

செல்வி, 6:48
மதினி, உங்கள் அம்மாவுக்கு 81 வயது. மாடிக்குப் போக அவர்கள் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். தெருவில் வேறு ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்கு அப்போது தூக்கமே இல்லை.

மகேஸ்வரி, 6:49
தெரு பேசும். நீங்கள் என் கூடப்பிறந்தவர்கள்.

பிரபா, 6:50
அத்தை, அது வேறு, இது வேறு.

மகேஸ்வரி, 6:50
இரண்டும் ஒன்றுதான் பிரபா.

கார்த்திக், 6:58
அம்மா, நான் எழுதுகிறேன். தினமும் ராத்திரி சின்ன மாமாதான் சாப்பாடு கொண்டுவந்தார். தூக்குவாளியைக் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார். நான் தூங்கும் வரை போக மாட்டார். டார்ச் வெளிச்சம் அங்கே அணைந்து அணைந்து எரியும். பாம்பு வந்ததா என்று கேட்காமல், வராமல் பார்த்துக்கொண்டார். இதை நான் உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மகேஸ்வரி, 7:01
14 நாளுமா?

கார்த்திக், 7:01
14 நாளும்.

கார்த்திக், 7:06
இன்னொன்று. அந்தத் தூக்குவாளிப் பையில் தேன்மொழி மதினி அவர்களுடைய பழைய நோட்டுகளை அனுப்புவார்கள். அதை வைத்து நான்கு பாடம் முழுதாகப் படித்தேன். தேர்வு வந்திருந்தால் அந்த நான்கையும் நானே எழுதிப் பாஸ் செய்திருப்பேன். இப்போது 11 பாடமும் பாஸ். எது நான் படித்தது, எது சும்மா வந்தது என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகும் இடத்தில் '2020இல் பாஸா?' என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வழக்கு ஜெயித்துத் திரும்ப எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

சண்முகம், 7:08
நல்ல எண்ணம் கார்த்திக். வழக்கு விவரத்தைத் தனியாக எழுதுகிறேன்.

சரவணன், 7:08
கிரிக்கெட் அணி என்று சொன்னதற்கு மன்னியுங்கள் அத்தான்.

கார்த்திக், 7:09
பரவாயில்லை. அத்தனை பேரும் கேட்டாயிற்று.

தேன்மொழி, 7:12
அந்த நோட்டுகளில் மூன்றாம் ஆண்டு வரைதான் இருக்கும். நான்காம் ஆண்டுடையது எல்லாம் விடுதியில் மாட்டிக்கொண்டது. மார்ச் 17இலிருந்து 31 வரை விடுமுறை என்றார்கள். இரண்டு சுடிதார், ஒரு புத்தகத்தோடு வந்தேன். பிறகு விடுதியையே கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் சாமான்களை மூட்டை கட்டி மேலே அறை எண் எழுதியிருக்கிறார்கள். சென்னைத் தோழி ஒருத்தி போட்டோ அனுப்பினாள். 214 என்று எழுதிய மூட்டைமேல் என் பச்சை வாளி, அதற்குள் என் செருப்பு. கால்குலேட்டரும் ரெக்கார்டும் மூட்டைக்குள் எங்கேயோ இருக்கின்றன. நோயாளிகளுக்கு இடம் வேண்டும், அது சரிதான். எங்களிடம் ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் 'இரண்டு வாரத்தில் பார்ப்போம்' என்று சொல்லிப் பிரிந்தோம். நான்கு வருடம் அதோடு முடிந்துவிட்டது. பரீட்சையாவது ஒழுங்காக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

செல்வி, 7:13
இதெல்லாம் என்னிடம்கூடச் சொல்லவில்லையே.

சரவணன், 7:17
ஆச்சி (குரல் செய்தி 0:41)

மகேஸ்வரி, 7:18
கோழி சத்தம்தான் கேட்கிறது. அம்மா என்ன சொல்கிறார்கள்?

சரவணன், 7:20
ஆச்சி சொல்வதை எழுதுகிறேன். 'உங்கள் அப்பா மூன்றாம் வகுப்பு தாண்டாதவர். பேத்தி பரீட்சை எழுதும் நாளில் அவர் சோற்றுக்கு அவசரப்பட மாட்டார். படையலை மத்தியானம் 12 மணிக்கு வையுங்கள். மகேசு வராவிட்டால் இலையைத் தொட மாட்டேன். பிள்ளையும் நல்லபடியாக எழுத வேண்டும்.' அவ்வளவுதான்.

பிரபா, 7:21
இரண்டும் எப்படி நடக்கும்? அவள் அங்கே போனால் அத்தை எப்படி இங்கே வருவார்கள்?

சண்முகம், 7:22
1ஆம் தேதியிலிருந்து மாநிலத்துக்குள் இ-பாஸ் தேவையில்லை. 7ஆம் தேதியிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடுகிறது. நாம் தென்காசி, அவர்கள் திருநெல்வேலி, மாவட்டம் பிரிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செங்கோட்டை பாசஞ்சர் ரயில் இன்னும் விடவில்லை. பஸ்தான் வழி. முகக்கவசம் கட்டாயம்.

மகேஸ்வரி, 7:25
11 மணிக்குப் பரீட்சை முடியும். உடனே கார் பிடித்தால் ஒரு மணிக்குள் வந்துவிடலாம். படையலை ஒன்றரைக்கு வைக்க முடியுமா என்று அம்மாவைக் கேள். இன்னும் நான் வருவதாகச் சொல்லவில்லை.

செல்வி, 7:26
கேட்கிறேன் மதினி.

பிரபா, 7:26
கார் செலவு?

முருகேசன், 7:26
நான் பார்த்துக்கொள்கிறேன்.

மகேஸ்வரி, 7:27
நீ பார்க்க வேண்டாம்.

கார்த்திக், 7:28
மதினி, மாடி அறையில் ஜன்னல் பக்கம் மேசை போடுகிறேன். ரவுட்டர் கீழே இருக்கிறது, மேலே கொண்டுவந்துவிடுகிறேன். ஒரு சந்தேகம், வியாழக்கிழமை எங்கள் பக்கம் மாதாந்திர மின்தடை இருக்கலாம். நாளை விசாரிக்கிறேன். மின்சாரம் இல்லையென்றால் ரவுட்டர் நின்றுவிடும்.

தேன்மொழி, 7:28
ஐயோ.

பிரபா, 7:29
மின்தடை என்றால் செல்போன் ஹாட்ஸ்பாட் போதும், அங்கே சிக்னல் நன்றாக இருக்கும். டேட்டாவை நான் நிரப்பிவிடுகிறேன். சரவணன் கையில் கொடுக்காதே.

சரவணன், 7:30
இன்றைய மேட்ச் தொடங்கிவிட்டது, டெல்லியும் பஞ்சாபும். நான் பார்க்கவில்லை, சொல்கிறேன்.

சண்முகம், 7:33
பகுதி 3. இணையத் தேர்வு எழுதுவோர் கவனிக்க வேண்டியவை. முதலாவது, செல்போனை முழுவதும் சார்ஜ் செய்ய வேண்டும்.

மகேஸ்வரி, 7:36
தேன்மொழி, கார்த்திக்கின் கால்குலேட்டர் இருக்கிறது, பேட்டரி போட்டு வைக்கிறேன். புதன்கிழமை மாலையே வந்துவிடு. முருகேசா, நீ கூட்டிக்கொண்டு வா. வாசலோடு திரும்பிப் போகக்கூடாது. மாடியிலேயே படுத்துக்கொள்.

செல்வி, 7:37
மதினி, அப்படியென்றால் திதிக்கு வருகிறீர்கள்தானே?

மகேஸ்வரி, 7:38
முதலில் அவள் எழுதட்டும்.

முருகேசன், 7:44
4 மணி பஸ்ஸா, 5 மணி பஸ்ஸா?