பழைய 350 இன்ஜினுக்குப் புது மேனிஃபோல்டும் கார்புரேட்டரும்: மாற்றலாமா, வேண்டாமா?

நெடுஞ்சாலை:
என்னிடம் இருப்பது 1973 செவ்ரோலே, 350 கன அங்குல வி8. கம்பெனி வைத்த வார்ப்பிரும்பு இன்டேக் மேனிஃபோல்ட் (பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் குழாய்த்தொகுதி), அதன் மேல் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும், நான்கு தொண்டை கொண்ட ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். கியர்பாக்ஸ் டர்போ 350 ஆட்டோமேட்டிக். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஐட்லிங் தள்ளாடுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் இழுக்கிறது. மேனிஃபோல்ட், கார்புரேட்டர் இரண்டையும் கழற்றிவிட்டு அலுமினிய டூயல் பிளேன் (இரண்டு அடுக்குப் பாதை) மேனிஃபோல்டும், 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று) ஸ்கொயர் போர் (நான்கு தொண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு) கார்புரேட்டரும் போடலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ஜெட்ஊசி:
அவசரப்படாதீர்கள் நண்பரே. நீங்கள் சொன்ன மூன்றுமே குவாட்ராஜெட்டைக் கழற்றிச் சரிசெய்தால் போகக்கூடியவை. நாளை காலை ஸ்டார்ட் செய்யும் முன் ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக் தகட்டை விரலால் திறந்து பிடித்துக்கொண்டு, த்ராட்டில் லீவரைக் கையால் ஒரு முறை இழுங்கள். முன்பக்கத் தொண்டைகள் இரண்டிலும் பெட்ரோல் ஊசிபோல் பீய்ச்ச வேண்டும். சொட்டுகூட வரவில்லையா? ஒன்று இரவில் மிதவை அறை (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் தொட்டி) காலியாகியிருக்கிறது, அல்லது மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப்பின் ரப்பர் போயிருக்கிறது. இந்த கார்புரேட்டரில் அடிப்பக்க அடைப்பான்கள் கசிவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, எபாக்சி பசை வைத்தால் நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய பம்ப் ரப்பர் கெட்டுப்போகும், உங்கள் திணறலுக்கு அதுவே போதும். இதற்கு மேனிஃபோல்டைத் தூக்க வேண்டிய வேலையே இல்லை.

இரும்புக்குதிரை:
ஜெட்ஊசி, த்ராட்டில் ஷாஃப்ட்டை (தொண்டையின் அடித்தகட்டைத் திருப்பும் தண்டு) விட்டுவிட்டீர்களே. ஐம்பது வருடம் ஆடிய ஷாஃப்ட்டின் துளை தேய்ந்திருக்கும். அதன் வழியே காற்று இழுத்தால் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ஐட்லிங் நிற்காது. துளையைச் சரியாகக் குடைந்து புஷ் (உள்வளையம்) போடத் தெரிந்த கை இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது? ரிப்பேர் செய்து விற்பவற்றிலும் பல கார்புரேட்டர்களின் பாகங்கள் கலந்து கிடக்கும்.

600 போதுமா என்று யாராவது கேட்பார்கள், கணக்கையே போட்டுவிடுகிறேன். கன அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுக்க வேண்டும். 350, 5500 என்றால் 557 வரும். தெருவில் ஓடும் இன்ஜின் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் சுமார் 473. ஆக 600 தாராளம். அலுமினிய மேனிஃபோல்ட் பழைய இரும்பின் எடையில் பாதிகூட இருக்காது. எலெக்ட்ரிக் சோக் வந்துவிடும். கலவையை மாற்ற வேண்டுமானால் மூடியைத் திறந்து ஜெட்டை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத்திருகு) மாற்றினால் முடிந்தது. மாற்றுங்கள் என்பதுதான் என் பேச்சு.

ஜெட்ஊசி:
கணக்கு சரிதான், ஆனால் அது குவாட்ராஜெட்டுக்கு எதிரான வாதம் இல்லை. அதன் முன்தொண்டைகள் சுமார் 35 மில்லிமீட்டர், பின்தொண்டைகள் 57. சாதாரணமாக ஓட்டும்போது சிறிய இரண்டு மட்டுமே வேலை செய்வதால் காற்று வேகமாகப் பாயும், பெட்ரோல் நன்றாகப் பொடிந்து கலக்கும். மிதித்தால் மேலேயுள்ள ஏர் வால்வ், இன்ஜின் கேட்கும் அளவுக்குத்தான் திறக்கும். மைலேஜும் வேண்டும், பிக்கப்பும் வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல அமைப்பு 1965-லிருந்து இன்றுவரை எனக்குத் தெரிந்து வரவில்லை.

இன்னொன்று, கிக்டவுன் கேபிள் (அழுத்தி மிதித்தால் ஆட்டோமேட்டிக் கியரை இறக்கவைப்பது). ஸ்கொயர் போர் கார்புரேட்டரின் லீவரில் கேபிள் மாட்டும் இடமும் இழுக்கும் தூரமும் வேறு. அதைப் பொருத்தாமல் விட்டால் ஓவர்டேக் செய்ய மிதிக்கும்போது கியர் இறங்காது. அதற்கான பிராக்கெட் இல்லாமல் கையை வைக்காதீர்கள். பழைய மேனிஃபோல்டின் மேலேயே அடாப்டர் தகடு போட்டு உட்காரவைப்பதும் கூடாது, கசிவுக்கு இன்னும் ஒரு இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

வால்வுச்சத்தம்:
இருவரும் கார்புரேட்டரையே சுற்றி வருகிறீர்கள். முதலில் வேக்யூம் கேஜ் (மேனிஃபோல்டின் உறிஞ்சுவிசையைப் பாதரச அங்குலத்தில் காட்டும் கருவி) மாட்டுங்கள். நல்ல 350 ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டி ஆடாமல் நிற்கும். குறைவாக இருந்தால், டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) சரிதானா என்று பார்த்துவிட்டு, மேனிஃபோல்ட் ஓரத்திலும் கார்புரேட்டர் அடியிலும் கார்ப் கிளீனரைத் தெளித்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது வேண்டாம், தீப்பிடிக்கும்.

தெளித்தும் இன்ஜின் வேகத்தில் மாற்றமே இல்லை என்றால் கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வி இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட்டின் கீழ்விளிம்பு விட்டுப்போனால், போர்ட் (சிலிண்டருக்குப் போகும் வழி) காற்றை இழுப்பது வெளியிலிருந்து அல்ல, உள்ளே வால்வுகளை இயக்கும் லிஃப்டர் இருக்கும் பள்ளத்திலிருந்து. தெளிப்பது அங்கே எட்டாது. பிசிவி வால்வைக் (இன்ஜினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்கு அனுப்புவது) கழற்றி அதன் குழாயை அடையுங்கள், இன்ஜினுக்குள் காற்று போகும் ப்ரீதரையும் மூடுங்கள், எண்ணெய் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையை உள்ளே இழுத்தால் கேஸ்கட்தான். எண்ணெய் குறைகிறதா என்றும் பாருங்கள்.

நெடுஞ்சாலை:
பார்த்துவிட்டேன். பம்ப் ஒழுங்காகப் பீய்ச்சவில்லை, ஒரு தொண்டையில் சொட்டுகிறது, இன்னொன்றில் அதுவும் இல்லை. ஜெட்ஊசி சொன்னது சரி. ஆனால் கேஜ் 14-இல் நிற்கிறது, டைமிங்கில் குறையில்லை, தெளித்ததற்கு இன்ஜின் அசையவில்லை, எண்ணெய் வாயில் கை ஒட்டிக்கொள்கிறது. எப்படியும் மேனிஃபோல்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றுகிற கையோடு அலுமினியமே போடலாமா?

இரும்புக்குதிரை:
போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக்கொடுப்பது) எடுக்கும் முன் முதல் சிலிண்டரை டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கொண்டுவந்து, அதனுள் சுழலும் ரோட்டர் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பற்கள் சாய்வாக இருப்பதால் தூக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும், திரும்பி நின்ற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அங்கிருந்துதான் இறக்க வேண்டும். கூலன்டை வடித்து, பள்ளத்தில் சுத்தமான துணி விரித்துவிட்டுப் பழைய கேஸ்கட்டைச் சுரண்டுங்கள். முன்னும் பின்னும் கேஸ்கட் கிட்டில் வரும் கார்க் பட்டை வேண்டாம், இறுக்கும்போது நழுவிவிடும். ஆறு மில்லிமீட்டர் தடிமனில் சிலிகோன் சீலன்ட் வையுங்கள். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் 30 பவுண்ட்-அடி வரை. சிலிண்டர் ஹெட் 1987-லோ அதற்குப் பிறகோ வந்ததா என்று ஆர்டர் செய்யும் முன்பே பாருங்கள், அவற்றில் நடு நான்கு போல்ட்களின் சாய்வு வேறு.

ஜெட்ஊசி:
மேனிஃபோல்டுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் குவாட்ராஜெட்டும் உட்காரும்படி துளையிட்ட டூயல் பிளேனாக வாங்குங்கள். சூடேறியதும் சோக்கைத் திறக்கும் உங்கள் சோக் சுருள் மேனிஃபோல்டின் குழியில்தான் இருக்கிறது, புதியதில் அந்தக் குழி உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரிக் சோக் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு வயரை இக்னிஷன் போட்டால் முழு 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து எடுங்கள், இக்னிஷன் காயிலிலிருந்து வேண்டாம்.

நெடுஞ்சாலை:
அப்படியே செய்கிறேன். அலுமினியம் போடுகிறேன், குவாட்ராஜெட்டுக்குப் புது பம்ப்பும் எபாக்சியும்.

இரும்புக்குதிரை:
ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்துப் பார்க்காமல் கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்காதீர்கள். ஆட்டம் இருந்தால் அந்தச் செலவு வீண்தான் என்பேன், இதில் ஜெட்ஊசியோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.