கல்யாணப் பத்திரிகையில் ‘தேவர்’ பட்டம் போடுவது பற்றி

சிப்புட் அக்கா (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா):
தை மாதம் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் என் மாமனார் பெயருக்குப் பின்னால் ‘தேவர்’ என்று அச்சடித்தே ஆகவேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரரின் அண்ணன். நாம் மறவர், ராமநாதபுரம் சேதுபதி வம்சம், ஆண்ட பரம்பரையாம். மாமனார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சிறு பையனாகக் கப்பலேறி வந்து, கடைசிவரை ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். படிவம் ஐந்து படிக்கும் என் மகள் கேட்கிறாள்: “பெரியப்பா சொல்றது உண்மைன்னா, தாத்தா ஏம்மா விடியக்காலையில பெரட்டுக்கு நின்னாரு?” (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசை.) தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளிடம் பூசி மெழுக எனக்கு மனமில்லை.

ஓய்வுபெற்ற கிராணி (கோல சிலாங்கூர்):
அம்மா, சேதுபதிகள் மறவர்கள்தான். ராமேசுவரம் போகும் வழி அவர்கள் காவலில் இருந்தது. சிவகங்கை ராணி வேலுநாச்சியார் 1772இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து, 1780இல் சீமையை மீட்டார். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரும் மறவரே. ஆனால் அரண்மனையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்ற பலருக்கு ஊர்க்காவல்தான் பிழைப்பு: இரவில் ஊரையும் களத்து நெல்லையும் காப்பது, அறுவடையில் பங்கு வாங்குவது. களவு போனால் காவல்காரன் ஈடுகட்ட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1795இல் சேதுபதியை இறக்கியது. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் ஆயுதங்களைப் பறித்தது. காவல் முறையும் போனது. மழையை நம்பிய சீமையில் வேறு என்ன செய்வார்கள்? அப்புறம் 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம். ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள். ராமநாதபுரம் பக்கத்து அப்பநாட்டு மறவர்கள்மேலும் அது பாய்ந்தது. பிறந்த சாதிக்காகவே கைரேகை வைக்கச் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ரத்தானது. பிள்ளையிடம் சேதுபதியைச் சொன்னால் ரேகையையும் சொல்லுங்கள்.

கடைசி லயத்துப் பெண் (கூலிம்):
அக்கா, நாங்கள் பறையர் வீடு. தோட்டத்தில் எங்கள் லயம் (தொழிலாளர் வரிசை வீடு) தனி. பெரட்டுக் களம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் திருவிழாவில் சாமி எங்கள் வாசலுக்கு வராது. இப்போது எல்லாரும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். இருந்தாலும் பத்திரிகையில் பட்டம் கண்டால் என் அம்மா மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவார், பந்திக்குப் போகமாட்டார். உங்கள் முன்னோரிடம் ரேகை வாங்கியதும் பிறப்பைப் பார்த்து, எங்களைக் கடைசி லயத்தில் வைத்ததும் பிறப்பைப் பார்த்து. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

சிப்புட் அக்கா:
இரண்டு பதிலையும் என் வீட்டுக்காரரின் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். ரேகைச் சட்டம் அவர் கேள்விப்பட்டதே இல்லை. கோபம் இன்னும் தணியவில்லை, பட்டம் இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு வரமாட்டாராம். சரி, மெல்லப் பேசிக்கொள்கிறோம். பத்திரிகையில் மாமனார் பெயரும் அவர் மரம் வெட்டிய தோட்டத்தின் பெயரும் மட்டும்தான் வரும். கூலிம் தங்கச்சி, அம்மாவுக்குப் பத்திரிகை வைக்க நானே வருகிறேன்.