கவுன்சிலுக்கு வீட்டைக் குத்தகைக்கு விடலாமா? இலண்டனில் விட்டவர்களின் அனுபவங்கள்

இல்ஃபோர்ட், பதிவைத் தொடங்கியவர்

பெற்றோர் வாழ்ந்த இரண்டு படுக்கையறை பிளாட் ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. வீடற்ற குடும்பங்களைக் குடியமர்த்துவதற்காக மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள விரும்புவதாகக் கவுன்சிலிலிருந்து (உள்ளூராட்சி மன்றத்திலிருந்து) கடிதம் வந்திருக்கிறது. வாடகை சந்தை விலையை விடக் குறைவு. ஆனால் வீடு வெறுமையாகக் கிடந்தாலும் மாதா மாதம் பணம் வருமாம். உறவினர் எல்லோரும் ஒரே குரலில், "கவுன்சில் ஆட்களை விட்டால் வீடு நாசம்" என்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அப்படி வீட்டை விட்டுப் பார்த்தவர் அல்லர். உண்மையில் விட்டுப் பார்த்தவர்கள், நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடியே எழுதினால் உதவியாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்

தங்கச்சி, நான் 2019 ஏப்ரலில் மூன்று ஆண்டுக்கு விட்டேன். வீடு கைக்குத் திரும்பியது 2022 நவம்பரில். கணக்குப் பார்த்தால் ஏழு மாதம் கூடுதல், என் இழப்பின் பெரும்பகுதி அந்த ஏழு மாதத்தில்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் குடியிருந்தார்கள். அயலவர் எவரும் ஒரு முறைப்பாடுகூடச் சொன்னதில்லை. கொரோனாக் காலத்தில் என் மைத்துனரின் தனியார் வாடகையாளர் பதினொரு மாதம் வாடகை கொடுக்காமல் இருந்தார். வெளியேற்றுவதற்கும் அப்போது தடை இருந்ததால் மைத்துனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கோ ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி வங்கிக் கணக்கில் பணம் விழுந்தது.

சிக்கல் குத்தகை முடிந்த அன்று தொடங்கியது. வீட்டை வெறுமையாகத் திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வேறிடம் கிடைக்கும் வரை கவுன்சில் அவர்களை எங்கே அனுப்பும்? தாமாக வெளியேறாதவர்களை வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும். ஆணைக்குப் பின், அதை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பேலிஃப் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே வெளியேறினால் "வேண்டுமென்றே வீடற்றவர்" என்று முத்திரை விழுந்து உதவி நின்றுவிடுமோ என்று அந்தத் தாய் பயந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஏழு மாதமும் பழைய வாடகையே வந்தது. வீட்டை வாங்கவிருந்தவரோ நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வீடு வாங்கிக்கொண்டார். அதற்கிடையில் என் மோர்ட்கேஜின் (வீட்டுக்கடனின்) நிலையான வட்டிக்காலமும் முடிந்தது. 2021 டிசம்பர் நடுப்பகுதி வரை 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி, நான் திறப்பை வாங்கிய மாதத்தில் 3 சதவீதமாகியிருந்தது. வந்த வாடகை வட்டிக்கே போதவில்லை.

வாடகையை உயர்த்தித் தரும்படி கேட்டுப் பார்த்தேன். அலுவலர் மறைக்காமல் காரணம் சொன்னார். தற்காலிகக் குடியிருப்புக்காக மத்திய அரசு கவுன்சிலுக்குத் திருப்பித் தரும் மானியம், 2011 ஜனவரியில் இருந்த உள்ளூர் வீட்டுவசதிப் படியின் (வாடகை உதவிக்கு அரசு பகுதிவாரியாக வைக்கும் உச்சத் தொகையின்) 90 சதவீதத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதற்கு மேலே கொடுக்கும் ஒவ்வொரு பவுணும் கவுன்சிலின் சொந்தப் பையிலிருந்து போக வேண்டும். ஆகவே "பிறகு பார்த்துக் கூட்டித் தருவோம்" என்று எவராவது சொன்னால், அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சேதத்தைப் பற்றியும் ஒரு செய்தி. வீட்டைக் கொடுப்பதற்கு முன் குசினி மேடை, குளியலறை, கதவுகள் எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்து வைத்திருந்தேன். மேடையில் சூடான சட்டி வைத்ததால் உண்டான கருவட்டத்துக்கு மறுபேச்சில்லாமல் பணம் தந்தார்கள். ஆனால் பெரிய அறையில் அலுமாரியை நகர்த்தியபோது, அதன் அளவுக்கே வெட்டி ஒட்டியது போலச் சுவரில் கரும்பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஈரக்காற்றை வெளியேற்றும் குளியலறை விசிறியை எவரும் போடாதபடி அதன் சுவிட்சில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. காசு போட்டு ஓட்டும் மின்மானி உள்ள வீட்டில் அது மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத்தான் என்று சொல்லவே தேவையில்லை. அந்தச் சுவரை நான் படம் எடுத்திருக்கவில்லை. "கட்டடத்தின் ஈரம்" என்றார்கள், நானே செலவழித்துப் பூசினேன்.

கையெழுத்திடும் முன் மோர்ட்கேஜ் நிறுவனத்திடமும் ஃபிரீஹோல்டரிடமும் (கட்டடமும் நிலமும் யாருக்குச் சொந்தமோ அவரிடமும்) காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எனக்கு அதற்கே இரண்டு மாதம் பிடித்தது.

ஹரோ

ஈஸ்ட்ஹாம் அண்ணாவுக்கு வாய்த்தது கவுன்சில். எனக்கு வாய்த்தது கவுன்சிலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு நிறுவனம். "உத்தரவாத வாடகை, ஐந்து ஆண்டு, கவலையே வேண்டாம்" என்றார்கள். ஒப்பந்தத்தில் இருந்தது அந்த நிறுவனத்தின் பெயர் மட்டுமே என்பதை நான் கவனிக்கவில்லை. அவர்கள் என் பிளாட்டை ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கவுன்சிலுக்குக் கொடுத்து இலாபம் பார்த்திருக்கிறார்கள். பதினான்காவது மாதம் வாடகை நின்றது. அடுத்த மாதம் தொலைபேசியும் நின்றது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், வரவேற்பறையைப் பலகையால் தடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குடும்பங்கள் இருந்தன. பலர் பகிர்ந்து வாழும் வீட்டுக்குரிய அனுமதிப்பத்திரம் இல்லை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது எனக்குத்தான்.

அப்படி அனுமதிப்பத்திரம் இல்லாத வீடுகளில் குடியிருந்தவர்கள் தாங்கள் கொடுத்த வாடகையைத் திருப்பிக் கேட்கும் வழக்கை, நேரடியாக வாடகைக்கு விட்டவர்மீது மட்டுமே போடலாம், அவருக்கு மேலுள்ள உரிமையாளர்மீது போட முடியாது என்று 2023இல் ராகுசன் எதிர் ஜெப்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அது அப்போது பெரிய ஆறுதல். 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. இனி மேல்நிலை உரிமையாளரிடமும் கேட்கலாம். இடைத்தரகர் என்ன செய்கிறார் என்று தெரியாமல் இருந்தேன் என்பது இனிமேல் எளிதில் செல்லாது. நிறுவனப் பதிவகத்தின் தளத்தில் கணக்குகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நான் பார்த்திருந்தால், அந்த நிறுவனத்துக்கு வயது எட்டு மாதம் என்பது தெரிந்திருக்கும்.

குரோய்டன்

உரிமையாளர்களே எழுதும் இடத்தில் நான் எழுதலாமா என்று யோசித்தேன். 2003இலிருந்து 2008 வரை இப்படிக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட ஒரு பிளாட்டில்தான் நாங்கள் வளர்ந்தோம். எப்போது எழுப்பிவிடுவார்களோ தெரியாது என்பதால், அம்மா ஐந்து ஆண்டும் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. சாமிப் படங்கள் யன்னல் விளிம்பில் சாய்ந்தபடியே இருந்தன. வீட்டை நாசமாக்கும் துணிவு அங்கே எவருக்கும் இருக்கவில்லை.

ஒருமுறை மேல்வீட்டுக் குழாய் கசிந்து சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கவுன்சிலைக் கேட்டால் உரிமையாளர் பொறுப்பு என்றார்கள். உரிமையாளரின் முகவர் கவுன்சில் பொறுப்பு என்றார். கீழே வைத்த சோற்றுச் சட்டியை ஐந்து வாரம் நானும் தம்பியும் மாறி மாறி ஊற்றி வைத்தோம். ஆறாவது வாரம் கூரையின் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. சேதப் பட்டியலில் அதையும் குடியிருந்தவர் கணக்கில் எழுதினார்களோ என்று ஈஸ்ட்ஹாம் அண்ணா எழுதியதை வாசித்தபோது நினைத்தேன். எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு, எத்தனை நாளில் வர வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேட்டு எழுதிவையுங்கள் அக்கா, உள்ளே இருப்பவர்களுக்காகவும்.

இல்ஃபோர்ட்

எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்த வரைவை நேற்றிரவு மறுபடி வாசித்தேன். எடுப்பது கவுன்சிலேதான், இடையில் நிறுவனம் இல்லை. ஆனால் பழுதுகளைப் பற்றி "உரிய தரப்பு" என்று மட்டுமே எழுதியிருக்கிறது, அந்தத் தரப்பு எது என்று எங்கும் இல்லை. முடிவுத் திகதிக்குப் பின் வீடு கிடைக்காவிட்டால் அன்றைய சந்தை வாடகை தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்றும் சேர்த்துக் கேட்டு இன்று காலை மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரும் வரை கையெழுத்திடவில்லை. சனிக்கிழமை போய் அப்பாவின் அலுமாரியை நகர்த்திச் சுவரைப் படம் எடுக்கப் போகிறேன்.